பழைய கார்ட்டூன், பழைய தொடர்: நாடாவா, டிவிடியா, ப்ளூ-ரேயா?

பழைய குழந்தைகள் நிகழ்ச்சிகளைச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: டிவிடி வாங்கலாமா, ப்ளூ-ரே வாங்கலாமா? நான் பதிலுக்கு வேறொன்று கேட்பேன். நீங்கள் தேடுவது படச்சுருளில் எடுத்ததா, வீடியோ நாடாவில் எடுத்ததா? ஏழு நிமிடக் கார்ட்டூன் குறும்படமும், வாரம் ஒரு பகுதியாக ஓடிய தொடரும் ஒரே அலமாரியில் தோளுரசி நிற்கலாம்; பிறந்த வீடு வேறு. டாம் அண்ட் ஜெர்ரி, லூனி டூன்ஸ் போன்றவை திரையரங்குக்காக 35 மி.மீ. படச்சுருளில் உருவானவை. தொடர்கள் பலவற்றைத் தொலைக்காட்சி அரங்கில் நேரே நாடாவில் பதித்தார்கள். முன்னதுக்குப் பொருந்தும் கணக்கு பின்னதுக்குப் பொருந்தாது.

தொடர்களில் தொடங்குகிறேன். பிரிட்டனின் ‘டாக்டர் ஹூ’ அளவுக்கு எல்லா வடிவங்களிலும் வந்த தொடர்கள் குறைவு. அதன் முதல் வீடியோ கேசட் 1983-இல் வந்தது. நான்கு பகுதிகளாக ஒளிபரப்பான கதையை வெட்டி ஒட்டி ஒரே திரைப்படமாக்கிவிட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த இன்னொரு கதையை ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் சுருக்கினார்கள். ஒவ்வொரு பகுதியும் நாயகனை ஆபத்தின் விளிம்பில் நிறுத்திவிட்டு முடியும். அடுத்த வாரம்வரை பிள்ளைகள் தவித்துக் கிடப்பார்கள். அந்தத் தவிப்பை வெட்டி எறிந்தபின் அது என்ன தொடர்? கேசட்டின் மங்கலான படத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்க முடியாது. பின்னாளில் வந்த கேசட்டுகளும் டிவிடிகளும் பகுதி பகுதியாகவே தந்து பாவத்தைக் கழுவிக்கொண்டன.

ப்ளூ-ரேக்கு வருவோம். 2018 முதல் ‘டாக்டர் ஹூ’வின் பழைய பருவங்கள் ப்ளூ-ரே பெட்டிகளாக வருகின்றன. உறையில் இருக்கும் சொல்லை நம்பி, படம் பளிச்சென்று மாறியிருக்கும் என எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். அரங்கக் காட்சிகள் வீடியோ நாடாவில் பதிவானவை. நாடாவில் இல்லாத நுணுக்கத்தை எந்த வட்டாலும் புதிதாக உண்டாக்க முடியாது. பெரிதாக்கித்தான் காட்ட முடியும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 1970-இல் வந்த ‘ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்’ கதையின்போது அரங்கில் வேலைநிறுத்தம் நடந்ததால், முழுக் கதையையும் வெளியிடங்களில் 16 மி.மீ. படச்சுருளில் எடுத்துவிட்டார்கள். ஒரு தகராறு அந்தக் கதைக்கு வரமாக முடிந்தது. 2013-இல் அதைப் படச்சுருளிலிருந்து ப்ளூ-ரே ஆக்கியபோது உண்மையான உயர்தெளிவு கிடைத்தது. அதன் டிவிடியையும் ப்ளூ-ரேயையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், வேறுபாடு கண்ணில் அறையும். அரங்கில் எடுத்த வேறெந்தக் கதையிலும் இதே சோதனையைச் செய்தால் கண்ணை இடுக்கிக்கொண்டு தேட வேண்டியிருக்கும்.

அப்படியானால் தொடருக்கு ப்ளூ-ரே வீணா? இல்லை. ஒரு வட்டில் அதிகப் பகுதிகள் அடங்கும். படத்தைக் குறைவாக நசுக்கிப் பதிக்கலாம். கூடவே வரும் நேர்காணல்களும் ஆவணங்களும் ஏராளம். அதற்காகப் பணம் கொடுங்கள், தெளிவுக்காகக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே டிவிடி வைத்திருப்பவர் அவசரப்பட ஒன்றுமில்லை.

முழுமை பற்றியும் சொல்ல வேண்டும். பிபிசி அந்தக் காலத்தில் நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியதால், 1960-களின் ‘டாக்டர் ஹூ’ பகுதிகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை காணாமல் போயின. ஆனால் ஒலி பிழைத்துக்கொண்டது. ஒளிபரப்பின்போது ரசிகர்கள் வீட்டிலேயே ஒலிநாடாவில் பிடித்து வைத்திருந்தார்கள். 2006-இல் வந்த டிவிடி ஒன்றில், தொலைந்த இரண்டு பகுதிகளுக்கு அந்த ஒலியை வைத்து அசைவூட்டப் படம் வரைந்து சேர்த்தார்கள். பின்னர் முழுக் கதைகளுக்கே அப்படிச் செய்தார்கள். இப்படிப்பட்ட தொடரைச் சேர்ப்பவருக்குப் படத்தின் கூர்மை இரண்டாம்பட்சம்; எந்தப் பெட்டியில் எத்தனை பகுதி இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

இனி கார்ட்டூன் குறும்படங்கள். என் தூக்கம் கெடுவது இங்கேதான்.

லூனி டூன்ஸ் ‘கோல்டன் கலெக்‌ஷன்’ டிவிடிகள் 2003 முதல் 2008 வரை ஆறு தொகுதிகளாக வந்தன. தொகுதிக்கு நான்கு வட்டு, மொத்தம் 350-க்கும் மேற்பட்ட குறும்படங்கள். எதிரே ‘பிளாட்டினம் கலெக்‌ஷன்’ ப்ளூ-ரே: 2011, 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகள், தொகுதிக்கு 50 படங்கள், அவற்றிலும் பல டிவிடியில் ஏற்கெனவே வந்தவை. எண்ணிக்கையில் டிவிடி ஜெயித்துவிட்டது. தரத்தில் ப்ளூ-ரே ஜெயிக்க வேண்டும், ஜெயிக்கவும் செய்கிறது. வண்ணம் தீட்டிய செல்லுலாய்டு தாளும், பின்னணி ஓவியத்தின் தூரிகைத் தடமும் தெரியும்போது, ஏழு நிமிடப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கத் தோன்றுகிறது.

ஆனால் வட்டின் வகையைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. தூசியையும் கீறலையும் நீக்க ஒரு டிஜிட்டல் முறை உண்டு. சேகரிப்பாளர்கள் அதை டி.வி.என்.ஆர். என்பார்கள். அடுத்தடுத்த சட்டகங்களை, அதாவது படச்சுருளின் தனித்தனிப் படங்களை, ஒப்பிட்டு, ஒன்றில் மட்டும் இருந்து மற்றதில் இல்லாததைத் தூசி என்று முடிவுகட்டி அழித்துவிடும். மனிதர்கள் நடித்த படத்தில் இது ஓரளவு சரி. கார்ட்டூனில் ஒரு முயல் பாய்ந்தோடும்போது அதை வரைந்த மைக்கோடு ஒவ்வொரு சட்டகத்திலும் வேறு இடத்தில் இருக்கும். அந்தக் கோட்டையும் தூசி என்று நினைத்து அது தின்றுவிடுகிறது. கை ஓங்கும் நேரத்தில் கையின் விளிம்பு கரைந்து, அடித்து முடித்தபின் திரும்பி வரும்! ‘கோல்டன் கலெக்‌ஷன்’ ஆரம்பத் தொகுதிகளின் சில படங்களிலும் இந்தக் குறை உண்டு. விசித்திரம் என்னவென்றால், 1991-இல் தொடங்கி ஐந்து தொகுதிகளாக வந்த பழைய லேசர் டிஸ்க் (டிவிடிக்கு முந்தைய பெரிய வட்டு) வரிசையைச் சிலர் இன்றும் கைவிடாமல் வைத்திருப்பதற்கு, டிவிடியில் வராத படங்கள் மட்டுமல்லாமல் இந்தக் கோட்டுப் பிரச்சினையும் காரணம். தூசி இருந்தாலும் கோடு இருக்கிறதே என்பது அவர்கள் கட்சி. நானும் அந்தக் கட்சிதான், லேசர் டிஸ்க் இயந்திரத்தைப் பராமரிக்கும் பொறுமை மட்டும் எனக்கில்லை.

வேகம் என்று இன்னொரு தொல்லை. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம். பிரிட்டன், இந்தியா போன்ற நாடுகளின் பால் (PAL) முறை தொலைக்காட்சியோ 25. அந்த முறையில் வந்த டிவிடிகளிலும் கேசட்டுகளிலும் பெரும்பாலும் படத்தைச் சற்று வேகமாக ஓட்டிச் சமாளித்தார்கள். நான்கு சதவீத வேகம். ஏழு நிமிடப் படம் ஏறத்தாழ 17 நொடி முன்னதாக முடியும், இசையின் சுருதியும் ஏறும். அடிக்கு அடி இசைக்குழு வாசிக்கும் கார்ட்டூனில் இது சின்ன விஷயமில்லை. ப்ளூ-ரேயில் 24 சட்டகத்தை அப்படியே பதிக்க முடியும். தொடருக்குக் கணக்கு தலைகீழ்: பிரிட்டனில் பால் முறையில் எடுத்ததை அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி.க்கு மாற்றினால் அசைவில் பிசிறு விழும். ஆகவே தொடரை அது பிறந்த முறையிலேயே வாங்குங்கள்.

வெட்டு விஷயத்தில் எந்த வடிவமும் யோக்கியமில்லை. ஹன்னாவும் பார்பெராவும் 1940 முதல் 1958 வரை எடுத்த டாம் அண்ட் ஜெர்ரி குறும்படங்கள் 114. 2004-இல் வந்த முதல் டிவிடித் தொகுப்பில் சில படங்கள் தொலைக்காட்சிக்காக வெட்டிய பிரதிகளாகவே இருந்தன. 2007-இல் வந்த மூன்றாம் தொகுப்பில், கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் காட்சிகள் உள்ள இரண்டு படங்களை முழுதாகவே விட்டுவிட்டார்கள். 2011-இல் ப்ளூ-ரே வரிசை தொடங்கியது. அதே இரண்டு படங்கள் இரண்டாம் தொகுதியிலும் இருக்காது என்று 2013-இல் தெரிந்ததும் வாங்குபவர்கள் கொதித்தார்கள். அந்தத் தொகுதி வெளிவராமலே போனது. லூனி டூன்ஸ் இந்த விஷயத்தில் நேர்மையான வழியைப் பிடித்தது: மூன்றாம் தொகுதியில் நடிகை வூப்பி கோல்ட்பர்க் வந்து, இவை அன்றைய தவறுகள், அன்றும் தவறே, ஆனால் மறைப்பது நடக்காதது போல் காட்டுவதாகும் என்ற பொருளில் பேசுகிறார். பெரியவர்களுக்கான தொகுப்பில் எனக்கு இது போதும். அமெரிக்கக் குழந்தைகள் தொடரான ‘செசமி ஸ்ட்ரீட்’டின் முதல் ஆண்டுகளைத் தொகுத்து 2006-இல் வந்த டிவிடியிலேயே, இது பெரியவர்களுக்கானது, இன்றைய சிறு குழந்தைக்குப் பொருந்தாமல் போகலாம் என்று அறிவிப்பு இருக்கிறது. குழந்தைகளுக்காக எடுத்ததைக் குழந்தைக்கு ஆகாது என்கிறார்கள். சிரிப்பு வந்தாலும் வெட்டாமல் கொடுத்தார்கள் அல்லவா.

வெட்டு நீளவாக்கில் மட்டும் நடப்பதில்லை. பழைய தொலைக்காட்சியின் 4:3 சட்டகத்தை இன்றைய அகலத் திரைக்காக 16:9 ஆக்கினால் உயரத்தில் கால் பங்கு போகும். 35 மி.மீ. படச்சுருளில் எடுத்த ‘தண்டர்பேர்ட்ஸ்’ பொம்மைத் தொடருக்கு ப்ளூ-ரே அருமையாக அமைந்திருக்க வேண்டும். 2008-இல் வந்த பிரிட்டிஷ் ப்ளூ-ரேயில் பொம்மைகளின் தலையைச் சீவிவிட்டார்கள். முழுச் சட்டகம் உள்ள டிவிடி அதைவிட மேல். உறையின் பின்புறம் 4:3 என்று இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் எடுக்காதீர்கள்.

இணையத்தில்தான் எல்லாம் கிடைக்கிறதே என்பவர்களுக்கு இரண்டு தேதிகள் சொல்கிறேன். 2022 ஆகஸ்டில் எச்.பி.ஓ. மேக்ஸ் ‘செசமி ஸ்ட்ரீட்’டின் ஏறக்குறைய 200 பகுதிகளை நீக்கியது. 2025 மார்ச்சில் அதே தளத்திலிருந்து பழைய லூனி டூன்ஸ் குறும்படங்கள் போயின. அதற்குமேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

வட்டு மட்டும் நிரந்தரமா? அதுவும் இல்லை. 2006 முதல் 2008 வரை தயாரான தன் டிவிடிகளில் சில பழுதாவதை, லூனி டூன்ஸ் தொகுதிகளை வெளியிட்ட வார்னர் நிறுவனம் 2025-இல் ஒப்புக்கொண்டது. கார்ட்டூன் தொகுதிகள் குவிந்த ஆண்டுகள் அவை. நாடாவின் நிலை இன்னும் மோசம். பூஞ்சை பிடித்த ஒரே ஒரு கேசட்டைப் பார்க்காமல் செருகி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை ஒரே மாலையில் கெடுத்த அனுபவம் எனக்கு உண்டு. வீடியோ கேசட் இயந்திரத்தைக் கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது. எனவே வேறெங்கும் வராத நிகழ்ச்சி என்றால் மட்டும் கேசட் வாங்குங்கள். வாங்கிய கையோடு கணினியில் பிரதி எடுங்கள்.

பழைய டிவிடிப் பெட்டி வாங்கினால் முதல் படம் ஓடுகிறது என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். வட்டில் தரவு உள்ளிருந்து வெளியே பதிவாகிறது. ஓரடுக்கு வட்டில் கடைசிப் படமும், இரண்டடுக்கு வட்டில் பாதியில் அடுக்கு மாறும் இடமும்தான் பெரும்பாலும் தடுக்கும். வாங்கிய வாரத்திலேயே எல்லா வட்டுகளையும் கடைசிவரை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். நான்கு வட்டுக் கார்ட்டூன் என்றால், அந்த வேலையைப் பார்க்க வீட்டில் ஆள் கிடைக்காமல் போகாது.