எந்தப் புள்ளியைச் சுற்றித் திருப்புத்திறன் எடுப்பது? ஓர் ஏணி, நான்கு வழிகள்

மொத்த விசை சுழி, மொத்தத் திருப்புத்திறன் சுழி. சமநிலைக் கணக்குக்கு வேண்டிய இந்த இரண்டும் எல்லோருக்கும் மனப்பாடம். திருப்புத்திறன் என்பது ஒரு புள்ளியைச் சுற்றி விசை எவ்வளவு திருப்பப் பார்க்கிறது என்ற அளவு: விசை × அந்தப் புள்ளியிலிருந்து விசையின் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரம். எந்தப் புள்ளியைச் சுற்றித் திருப்புத்திறன் எடுப்பது என்று கேட்டால்தான் பேனா நின்றுவிடுகிறது. எதை எடுத்தாலும் விடை ஒன்றுதான். ஆனால் ஒரு புள்ளி ஒரே வரியில் முடித்துக் கொடுக்கும். இன்னொன்று அரைப் பக்கம் வாங்கும்.

ஒரே ஏணியில் எல்லா வழிகளையும் ஓட்டிப் பார்க்கலாம். சீரான ஏணி, நீளம் 5 மீட்டர், எடை 200 நியூட்டன். அடி சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி நிற்கிறது. தலை 4 மீட்டர் உயரத்தில் சுவரைத் தொடுகிறது. சுவர் வழவழப்பானது, எனவே அதனால் ஏணியைக் கிடையாகத் தள்ள மட்டுமே முடியும். தரை மேல்நோக்கித் தாங்குகிறது. உராய்வு ஏணியின் அடியைச் சுவர்ப் பக்கமாகப் பிடித்து நிறுத்துகிறது. அந்த உராய்வு எவ்வளவு?

பழக்கத்தால் பலர் கைவைப்பது ஏணியின் நடுப்புள்ளியில், அதாவது ஈர்ப்பு மையத்தில். எடை கணக்கிலிருந்து போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் எடை நமக்கு ஏற்கெனவே தெரிந்த விசை. அதை விரட்டி என்ன லாபம்? தெரியாத மூன்றும் அப்படியே மிஞ்சுகின்றன: உராய்வு × 2, சுவரின் விசை × 2, இவ்விரண்டின் கூட்டுத்தொகை தரையின் தாங்குவிசை × 1.5 என்பதற்குச் சமம். தாங்குவிசை 200 என்றும், சுவரின் விசையும் உராய்வும் சமம் என்றும் விசைச் சமன்பாடுகளிலிருந்து கொண்டுவந்து போட்டால்தான் 75 நியூட்டன் கிடைக்கும்.

பாடநூல்கள் சொல்லும் வழி, ஏணியின் அடியை எடுப்பது. தரையின் இரண்டு விசைகளும் அங்கேயே செயல்படுவதால் இரண்டும் ஒழிந்தன. சுவரின் விசை × 4 = 200 × 1.5. சுவர் தருவது 75. கிடை விசைகள் சமன்பட வேண்டும் என்பதால் உராய்வும் 75. சுத்தமான வழி, குறை சொல்ல எதுவுமில்லை. ஆனாலும் கேட்ட விசையை விட்டுவிட்டு வேறொன்றைக் கண்டுபிடித்து, அதன் வழியாகத் திரும்பி வருகிறோம்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. அடியிலிருந்து நேர் மேலே ஒரு கோடு, தலையிலிருந்து கிடையாக ஒரு கோடு. இரண்டும் வெட்டும் புள்ளி ஏணியின் மேல் இல்லை. அடிக்கு மேலே 4 மீட்டர் உயரத்தில், வெறும் காற்றில் இருக்கிறது. தாங்குவிசையும் சுவரின் விசையும் அந்தப் புள்ளி வழியாகவே போவதால் இரண்டுக்கும் அங்கே திருப்புத்திறன் கிடையாது. மிஞ்சுவது, உராய்வு × 4 = 200 × 1.5. கேட்ட விடை நேராக வந்துவிட்டது. திருப்பு மையம் என்றதும் கீலோ அச்சோ இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தப் புள்ளியைத் தேடவே மாட்டார்கள். பொருளுக்கு வெளியே உள்ள புள்ளியும் முழுச் செல்லுபடியாகும். வேண்டாத இரண்டு விசைக் கோடுகள் எங்கே சந்திக்கின்றன என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது.

நான்காவது, வரைபட வழி. இதில் தரையின் தாங்குவிசையையும் உராய்வையும் ஒரே எதிர்விசையாகச் சேர்த்துக்கொள்கிறோம். பொருளின் மேல் மூன்றே விசைகள், அவை இணையாகவும் இல்லை என்றால், மூன்றின் கோடுகளும் ஒரே புள்ளியில் சந்தித்தாக வேண்டும். எடையின் கோடும் சுவர் விசையின் கோடும் சந்திப்பது, அடியிலிருந்து 1.5 மீட்டர் சுவர்ப் பக்கமாக, 4 மீட்டர் உயரத்தில். தரையின் மொத்த எதிர்விசையும் அங்கேதான் குறிவைக்க வேண்டும். ஆகவே உராய்வுக்கும் தாங்குவிசைக்கும் உள்ள விகிதம் 1.5/4, அதாவது 0.375. உராய்வுக் குணகம், அதாவது உராய்வின் உச்ச அளவுக்கும் தாங்குவிசைக்கும் உள்ள விகிதம், இதற்குக் குறைந்தால் ஏணி வழுக்கும். எடை எவ்வளவு என்று கேட்கவே இல்லை என்பதுதான் இதன் அழகு.

ஏணியில் ஆள் ஏறியதும் இந்த வழிக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை வந்துவிடும். 600 நியூட்டன் எடையுள்ளவர் ஏணியில் 4 மீட்டர் ஏறியிருந்தால் விசைகள் நான்கு. இரண்டு எடைகளையும் முதலில் ஒன்றாக்க வேண்டும். அந்தக் கோடு அடியிலிருந்து 2.175 மீட்டரில் விழும். தேவைப்படும் குணகம் 0.54 ஆகிவிடும். மேலே ஏற ஏற அது கூடிக்கொண்டே போகும். காற்றுப் புள்ளியில் எடுத்தால் இந்த இடைவேலை வேண்டாம்: உராய்வு × 4 = 200 × 1.5 + 600 × 2.4, விடை 435 நியூட்டன்.

இன்னொரு கேள்வி, எத்தனை திருப்புத்திறன் சமன்பாடுகள் எழுதலாம் என்பது. வழக்கம், இரண்டு விசைச் சமன்பாடு, ஒரு திருப்புத்திறன். சுவரில் கீலிட்ட 4 மீட்டர் நீளக் கிடைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் எடை 120 நியூட்டன். முனையில் 80 நியூட்டன் சுமை. முனையிலிருந்து 30° சாய்வில் மேலே சுவருக்குப் போகும் கம்பி. கீலைச் சுற்றி எடுத்தால் கம்பியின் இழுவிசை 280. அதை விசைச் சமன்பாட்டில் போட்டால் கீலின் மேல்நோக்கிய விசை 60. இழுவிசையில் பிழை விட்டிருந்தால் இதுவும் பிழை. சட்டத்தின் முனையைச் சுற்றி எடுத்தால் கம்பியும் சுமையும் ஒழிந்து, கீலின் விசை × 4 = 120 × 2; அதே 60, இழுவிசையைத் தொடாமலே. கம்பி சுவரைப் பிடிக்கும் புள்ளியைச் சுற்றி எடுத்தால் கீலின் கிடைவிசை சுமார் 242.5 என்று தனியாக வரும். மூன்று விடைகளும் ஒன்றையொன்று சாராதவை. சரிபார்க்க இதைவிட வசதி இல்லை. மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

நடுப்புள்ளிப் பழக்கத்துக்கும் ஓர் இடம் உண்டு. எந்தப் புள்ளியும் சரி என்ற சலுகை, மொத்த விசை சுழியாக இருப்பதால்தான் கிடைக்கிறது. வேகமெடுக்கும் லாரியில் சாயாமல் நிற்கும் பெட்டியின் மேல் மொத்த விசை சுழியல்ல. அங்கே அடி விளிம்பைச் சுற்றி எடுத்துச் சுழி என்று எழுதினால் விடை தவறிவிடும். நிறை மையத்தை, அதாவது இங்கே ஈர்ப்பு மையத்தையே, சுற்றி எழுதினால் தப்பலாம்.

எந்தப் புள்ளியும் உதவாத கணக்கும் இருக்கிறது. சுவரும் சொரசொரப்பானது என்று வைத்துக்கொண்டால் அங்கேயும் ஓர் உராய்வு சேரும், தெரியாதவை நான்கு. தளத்தில் உள்ள ஒரு பொருளுக்குச் சார்பற்ற சமன்பாடுகள் மூன்றுதான். நான்காவதாக ஒரு புள்ளியை எடுத்து எழுதினால், முந்தைய மூன்றின் கலவையே வேறு வேடத்தில் வந்து 0 = 0 என்று முடியும். ஏணி வழுக்கப்போகும் தறுவாயில் இருக்கிறது என்று கேள்வியிலேயே சொல்லியிருந்தால் மட்டும் இரு முனைகளிலும் உராய்வு அதன் உச்ச அளவில் இருக்கும். பற்றாமல் போன நான்காவது சமன்பாடு அங்கிருந்து கிடைக்கும்.