சுங்கை சிப்புட்டிலிருந்து லண்டனுக்குப் போன பெட்டிகள்

ஊருக்கு வந்து திரும்பும்போது விமானத்தில் ஏற்ற முடியாத சாமான்களை அஞ்சலில் அனுப்புபவர்கள், பெட்டியைக் கட்டுவதற்குச் செலவிடும் அக்கறையில் பாதியையாவது சுங்கப் படிவத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது இந்தப் பயணத்தில் எனக்கு உறுதியாயிற்று.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அம்மா, தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தை விட்டு, தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியிலுள்ள அக்காவின் வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டதால், அப்பாவின் ரப்பர்ப் பால்வாளி, பித்தளை விளக்கு, பிரம்புக்கூடை ஆகியவற்றை லண்டனிலுள்ள என் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஈப்போவில் விசாரித்த தனியார் கூரியர் நிறுவனத்தில், பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அது உண்மையான எடையைவிடக் கூடுதலாக இருந்தால் அதற்கே கட்டணம் கேட்டார்கள். அந்தக் கணக்கில், பக்கத்துக்கு 40 சென்டிமீட்டர் உள்ள பெட்டி, உள்ளே வெறும் கூடையே இருந்தாலும், 12.8 கிலோவாகிவிடும். ஆகவே துணி சுற்றிய விளக்கை வாளிக்குள்ளும் வாளியைக் கூடைக்குள்ளும் இறக்கி, சிறிய பெட்டியாகக் கட்டிக்கொண்டு சுங்கை சிப்புட் அஞ்சலகத்துக்கே போனோம்.

முகப்பிலிருந்த இளம்பெண் படிவத்தைப் பார்த்ததும், "வெறுமனே வீட்டுச் சாமான்னு எழுதாதீங்க அண்ணே, ஒவ்வொண்ணா எழுதுங்க" என்று புதிய படிவத்தை நீட்டினார். சிஎன்23 எனப்படும் அந்தப் படிவத்தில் ஒவ்வொரு பொருளின் பெயரும் எண்ணிக்கையும் எடையும் மதிப்பும் தனித்தனியே இருக்க வேண்டும். "பழைய பித்தளை விளக்கு, ஒன்று" என்று எழுதினால்தான் அங்குள்ள சுங்க அதிகாரிக்கு விளங்கும். வரிசை நீண்டிருந்தும், அவர் பொறுமையாக ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தது என்னை நெகிழச் செய்தது.

அக்கா என் மகளுக்கு அனுப்பிய தீபாவளிப் பரிசைத் தனிப் பெட்டியாகவே வைத்தோம். பிரிட்டனில் 39 பவுண்டுக்கு மேற்படாத பரிசுக்கு இறக்குமதி வரி இல்லை. ஆனால் ஒருவர் தமக்குத் தாமே அனுப்பிக்கொள்வது பரிசாகாது, இரண்டையும் கலந்தால் குழப்பமே மிஞ்சும். அம்மா ஆசையாகக் கொடுத்த நெய்யை மட்டும் வருத்தத்தோடு எடுத்துவிட்டேன், ஏனெனில் பால் பொருட்களை மலேசியாவிலிருந்து அங்கே அனுப்ப அனுமதியில்லை.

ரசீதில் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், இறுதியில் மலேசியாவைக் குறிக்கும் எம்ஒய் என்று 13 குறிகள் கொண்ட எண் இருக்கும்; பெட்டி நாடு கடந்த பிறகும் அதே எண்ணைக் கொண்டே தேடலாம். பெட்டி வந்து சேராவிட்டால் அனுப்பிய நாட்டு அஞ்சலகத்தில், பெரும்பாலும் அனுப்பியவரே முறையிட வேண்டியிருக்கும் என்பதால், அனுப்புநராக அக்காவின் பெயரையும், தோட்ட ஆபீஸ் முகவரிக்குப் பதிலாக வீட்டு எண்ணும் 31100 என்ற அஞ்சல் குறியீடும் உள்ள தாமான் முகவரியையும் எழுதி, ரசீதின் மூலப்படியை அவரிடமே கொடுத்துவிட்டு, அதன் படத்தை மட்டும் கைபேசியில் எடுத்துக்கொண்டேன்.