மெயின்பிரேமுக்கு வெளியே சிஐசிஎஸ்: எது எந்த அளவுக்கு ஒத்துப்போகும்?

மெயின்பிரேம் எனப்படும் பெருங்கணினிகளுக்காக ஐபிஎம் 1969-இல் வெளியிட்ட பரிவர்த்தனை மேலாண்மை மென்பொருளான சிஐசிஎஸ், வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் இன்றும் அன்றாடப் பரிவர்த்தனைகளைச் சுமந்து நிற்கிறது. அதற்கென கோபோல் மொழியில் எழுதிய நிரல்களை லினக்ஸிலோ யூனிக்ஸிலோ ஓட்டலாமா என்று கேட்டால், எல்லா விற்பனையாளர்களும் ஓட்டலாம் என்றே சொல்வார்கள். எவ்வளவு மாற்றாமல் ஓட்டலாம் என்பதில்தான் அவர்களின் மென்பொருள்கள் வேறுபடுகின்றன.

ஐபிஎம் தானே தருவது டிஎக்ஸ்சீரிஸ். இது மெயின்பிரேம் சிஐசிஎஸ்ஸின் மூலநிரலை அப்படியே பெயர்த்து வந்ததன்று. டிரான்சார்க் நிறுவனத்தின் என்சைனாவை அடித்தளமாகக் கொண்டு, 1990-களில் யூனிக்ஸுக்கெனத் தனியே கட்டப்பட்டது. ஆகவே, நிரல்கள் சிஐசிஎஸ்ஸை அழைக்கும் எக்ஸெக் சிஐசிஎஸ் கட்டளைகள் பெரும்பாலும் ஒத்துப்போனாலும், அடியில் உள்ள அமைப்பு வேறு: ஒரே நினைவக முகவரி வெளியில் இயங்கிய ரீஜன் (சிஐசிஎஸ்ஸின் ஓர் இயங்கு அலகு) இங்கே பல தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரிகிறது, மெயின்பிரேமின் விசாம் வகைக் கோப்புகள் இருந்த இடத்தில் எஸ்எஃப்எஸ் என்ற கோப்புச் சேவையகமோ டிபி2 போன்ற தரவுத்தளமோ வருகிறது. மெயின்பிரேமைக் கைவிடாமல், அதன் நிரல்களை வெளியிலிருந்து அழைக்கும் துணை ரீஜன்களை வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு இதுவே பொருத்தம். மெயின்பிரேமையே மூடிவிட எண்ணுவோருக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அவர்களுக்கு ஏற்றது, மைக்ரோ ஃபோகஸ் உருவாக்கி, 2023-இல் ஓப்பன்டெக்ஸ்ட் வசம் சென்று, 2024 முதல் ராக்கெட் சாஃப்ட்வேர் வசம் உள்ள என்டர்பிரைஸ் சர்வர். சிஐசிஎஸ்ஸோடு, வேலைகளை வரிசைப்படுத்தும் ஜேசிஎல் மொழி, தரவுத்தள அமைப்பான ஐஎம்எஸ் ஆகியவற்றையும் இது ஓட்டும் என்பதால், இரவு நேரத்தில் மொத்தமாக ஓடும் பேட்ச் வேலைகளும் உடன் வந்துவிடும். அதைவிட முக்கியமானது, தரவை மெயின்பிரேமின் எழுத்துக்குறியீடான எப்சிடிக்கிலேயே வைத்துக்கொள்ள இது இடம் தருவது. இந்த வசதியின் அருமை, கோப்புகளை லினக்ஸ், யூனிக்ஸ் கணினிகளின் குறியீடான ஆஸ்கிக்கு மாற்றிப் பார்த்தவர்களுக்கே தெரியும். ஒரு பைட்டில் இரண்டு இலக்கங்களை அடைத்து, இறுதியில் கூட்டல்/கழித்தல் குறியை வைக்கும் காம்ப்-3 புலத்தில், +12345 என்ற தொகையின் கடைசி பைட் 5சி: ஐந்து என்ற இலக்கமும் ‘சி’ என்ற நேர்க்குறியும். எழுத்துமாற்றி அதை நட்சத்திரக் குறியென்று கொண்டு 2ஏ ஆக்கிவிடும். ‘ஏ’யும் செல்லுபடியாகும் நேர்க்குறியே என்பதால், ஐந்து இரண்டாக மாறிய பிறகும் பிழைச் செய்தி எழாமலே போகலாம். வரிசையும் புரளும்: எப்சிடிக்கில் எழுத்துகளுக்குப் பின் வரும் இலக்கங்கள் ஆஸ்கியில் முன்னே வந்துவிடுவதால், ஸ்டார்ட்பிரவுஸ் கட்டளை வழியே சாவி வரிசையில் படிக்கும் திரைகள் வேறு பதிவுகளைக் காட்டும்.

ஆரக்கிளின் டக்ஸீடோவும் தன் கூடுதல் தொகுப்பின் மூலம் சிஐசிஎஸ் நிரல்களை ஏற்கிறது. பெல் ஆய்வகத்தில் பிறந்து, பிஇஏ வழியாக 2008-இல் ஆரக்கிளிடம் வந்த இது, பரிவர்த்தனை மேலாளர் என்ற முறையில் மிக உறுதியானது. எனினும், ஏற்கெனவே டக்ஸீடோவை நடத்திவரும் குழு இல்லாத நிறுவனம், சிஐசிஎஸ்ஸுக்காக மட்டும் இதைக் கற்றுக்கொள்வது வீண் சுமை. கொரியாவின் டிமேக்ஸ்சாஃப்ட் தரும் ஓப்பன்ஃபிரேமும் போட்டியில் உண்டு.

அசெம்பிளர் மொழியில் எழுதிய நிரல்களுக்கு இவற்றில் பெரும்பாலானவை நேரடி விடையல்ல. அவை மெயின்பிரேம் செயலியின் கட்டளைகளையே நம்பியிருப்பதால், கோபோலிலோ சி-யிலோ திரும்ப எழுத வேண்டியிருக்கலாம். விலைப்புள்ளி கேட்கும் முன் அவற்றின் எண்ணிக்கையைக் கணக்கெடுத்துக்கொள்வது நல்லது.