திறப்புக்கொத்துக்கு எந்த டோர்ச்?

தட்டையான பிளாஸ்டிக் டோர்ச்சில் லித்தியம் பற்றரி உள்ளேயே இருக்கிறது. போன் சார்ஜர் போதும். சட்டைப்பையில் கிடப்பதே தெரியாது. மற்றது, விரல் பருமனான அலுமினியக் குழல். அதன் நிக்கல் பற்றரியைக் கழற்றித் தனிச் சார்ஜரில் போட வேண்டும். சோம்பேறிகளுக்கு ஒத்துவராது.

ஆனால் உப்புவெளிக் கடற்காற்றில் தட்டையானதன் சார்ஜ் துளைதான் முதலில் கெடும். றப்பர் மூடி தளர்ந்ததும் உப்பும் மணலும் சேர்ந்து, உள்முனைகளில் பச்சை படரும். குழலில் அந்தத் துளையே இல்லை. மரையிலுள்ள றப்பர் வளையம் ஈரத்தைத் தடுக்கிறது. பற்றரி செத்தால் புதியது போடலாம், அவசரத்துக்குப் பெட்டிக்கடைப் பற்றரியும் எரியும்.

கந்தோருக்குப் போகிறவருக்குத் தட்டையானது தாராளம். விடியப்புறம் வள்ளம் தள்ளுகிறவருக்குக் குழலைத்தான் சொல்வேன். வெளிச்சத்தை அளக்கும் லூமன் எண்ணில் மயங்க வேண்டாம்; பூட்டுத் துளை தேட 5 லூமனே போதும். எதை வாங்கினாலும் திறப்புக் கோர்க்கும் வளையம் துருப்பிடிக்காத உருக்கா என்று பாருங்கள்.