டொன்சாய், இரண்டாம் முறை: பாறை அப்படியே, கரைதான் வேறு

தாய்லாந்தின் கிராபியில் கடலோரப் பாறை ஏற நான் முதலில் போனது 2012இல். ஆவ் நாங் ஊரிலிருந்து நீள்வால் படகில் வந்து டொன்சாய் கடற்கரையில் இறங்கினால் மணலை ஒட்டியே குடிசைக் கடைகள், டீயைக் குடித்துக்கொண்டே தலைக்கு மேல் ஏறுபவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இந்த ஜனவரியில் மறுபடி போனேன். கரைக்குப் பின்னால் நீளமாக ஒரு கான்கிரீட் சுவர், தங்குமிடங்களில் பெரும்பாலானவை அதற்கும் அந்தப் பக்கம் உள்ளே தள்ளிப் போய்விட்டன. சுவர் முழுக்கப் படம் வரைந்திருக்கிறார்கள், ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

பாறையில் கை வைத்ததும் அதெல்லாம் மறந்துவிட்டது. ஆலமர விழுது மாதிரித் தொங்கும் சுண்ணாம்புப் பாறை, கீழே கடல், இதற்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம். ஏறுபவர் கயிற்றை மாட்டப் பாறையில் பதித்திருக்கும் போல்ட் விஷயத்தில் நிலைமை முன்பைவிட நன்றாகவே இருக்கிறது. இந்த உப்புக் காற்றில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே விரிசல் விட்டு, ஒரு நாள் சட்டென்று முறிந்துவிடும். அதனால்தான் டைட்டானியம் போல்ட்டைப் பசை வைத்துப் பதிக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் தன்னார்வலர்கள், நன்கொடைப் பணத்தில். நான் ஏறிய வழிகள் எல்லாவற்றிலும் டைட்டானியம்தான். நட்டு போட்டு முடுக்கிய பழைய ஸ்டீல் போல்ட் கண்ணில் பட்டால் அந்த வழியை விட்டுவிடுங்கள். பாறைத் துளையில் கட்டிவைத்த நாடாக்கள் வெயிலில் வெளுத்திருந்தாலும் அப்படித்தான், நம்ப வேண்டாம்.

அப்புறம், போகும் வழி. பக்கத்தில் இருக்கும் ரயிலே (Railay) என்ற இடத்தின் மேற்குக் கரையிலிருந்து டொன்சாய்க்குக் கடல் வற்றியிருக்கும்போது பாறை முனையைச் சுற்றி நடந்துவிடலாம், ஆனால் கல்லெல்லாம் வழுக்கும், சிப்பி காலைக் கிழிக்கும், செருப்பு கட்டாயம். ஒரு சாயங்காலம் நான் நேரம் பார்க்காமல் இருந்துவிட்டேன், தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது, திரும்பிப்போய் ரயிலே கிழக்குக் கரையிலிருந்து காட்டு வழியில் தலைவிளக்கோடு நடந்தேன். அரை மணிக்கு மேல் ஆனது, பாதை நன்றாகத்தான் இருக்கிறது, இருட்டில் மட்டும் வேண்டாம். கடல் ஏறும் நேரம், வற்றும் நேரம் இரண்டையும் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் பழகுபவர்கள் ரயிலே கிழக்கில் இருக்கும் ‘ஒன்று-இரண்டு-மூன்று சுவர்’ (1-2-3 Wall) என்ற பாறைக்குப் போகலாம், கூட்டம் சேருவதற்குள் சீக்கிரம் போய்விடுங்கள். கொஞ்சம் பழகியவர்கள் டொன்சாயிலேயே தங்குங்கள், அந்தக் கான்கிரீட் சுவருக்குப் பின்னால் என்றாலும் சரி. நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம்.