ஞாயிற்றுக்கிழமை குளச்சலுக்குப் போகாதீர்கள்

குளச்சல் கரையில் நேரடியாக மீன் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது கிழமையைத்தான். ஞாயிறு வேண்டாம். குமரிக் கடற்கரை ஊர்களில் அன்று பெரும்பாலும் தொழிலுக்குப் போக மாட்டார்கள். மார்த்தாண்டத்தில் ஞாயிறு காலை நாம் அடித்துப்பிடித்து வாங்குவது அநேகமாக சனிக்கிழமை ஐஸ் ஏறிய மீன். நான் வேலைநாளில், ஆபீஸுக்கு முன்னால் போய்விடுவேன்.

வள்ளம் கரையேறியதும் மீனைத் தட்டிக் குவிப்பார்கள். தராசு கிடையாது. ஏலக்காரர் குவியலைப் பார்த்து ஒரு தொகை சொல்வார், சுற்றி நிற்பவர்கள் ஏற்றுவார்கள், நமக்குப் புரிவதற்குள் முடிந்துவிடும். வீட்டுக்கு ஒரு கிலோ வாங்க வந்தவர் அந்த வட்டத்துக்குள் புகுந்து விலையை ஏற்றிவிடுவது எனக்குப் பிடிக்காது. ஏலத்தில் எடுத்த அக்காமார் பக்கத்திலேயே கூறு வைப்பார்கள், அதில் வாங்குவேன். நாலு காசு கூடத்தான் ஆகும். வெயிலில் தலைச்சுமடாகக் கொண்டு நடப்பவர்களிடம் அதற்கும் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும்.

தூண்டில் போட்டுத் திரும்பும் கட்டுமரத்தில் நாலைந்து மீன்தான் இருக்கும், அவரே விலை சொல்வார். ஆனால் எல்லாரும் அப்படி விற்க முடியாது. வலைக்கும் இன்ஜினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் மீன் அவருக்குத்தான் போக வேண்டும். இந்தப் பிடியிலிருந்து விடுபடத்தான் மீனவர் சங்கங்கள் சேர்ந்து 1980-ல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாக வைத்து சிஃப்ஸ் (தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு) என்ற அமைப்பைத் தொடங்கின. அதனால் ஒருவர் "தர முடியாது" என்றால் கோபப்படாதீர்கள்.

விலை மலிவா? நெய்மீன் (வஞ்சிரம்) மலிவில்லை, ஹோட்டல்காரர்கள் விடமாட்டார்கள். சாளை (மத்தி), அயிலை (கானாங்கெளுத்தி), வாளை மூன்றிலும் லாபம் உண்டு. தரத்தில் மட்டும் பேச்சே இல்லை. சாளையின் செவிளை நிமிர்த்தினால் ரத்தச் சிவப்பு, வயிற்றை அழுத்தினால் விரல் பதியாது. வாளையைத் தூக்கினால் வெள்ளிப்பூச்சு உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ளும். "மக்களே, மணத்திப் பாரு, கடல் வாசந்தான் அடிக்கும்" என்று ஓர் அக்கா என் மூக்குக்கு நேரே நீட்டினார். 2018-ல் கேரள அரசு 'சாகர் ராணி' என்ற பெயரில் எல்லைச் சாவடிகளில் லாரிகளை மறித்து பார்மலின் ரசாயனம் கலந்த மீனைப் பிடித்ததிலிருந்து எங்கள் வீட்டில் லாரி மீன் என்றாலே சந்தேகம்தான். கரையில் அந்தப் பயம் இல்லை.

நாள் பார்த்துப் போங்கள். விசைப்படகுகளுக்கு எங்கள் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை, கிழக்குக் கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆக ஜூனின் முதல் இரண்டு வாரம் மாவட்டத்தில் இரண்டு பக்கமும் அடைப்பு. சிறு வள்ளங்களுக்குத் தடையில்லை என்றாலும் அப்போதுதான் மழைக்காலமும் தொடங்கும். கடல் அடித்தால் வள்ளம் இறங்காது, விலை மளமளவென்று ஏறும். முதல்நாள் சாயந்திரம் காற்றைப் பாருங்கள், இல்லாவிட்டால் தெரிந்த வள்ளக்காரருக்கு ஒரு போன் போடுங்கள்.

தெர்மாகோல் பெட்டியும் சில்லறையும் கையோடு இருக்கட்டும். பெரிய மீன் என்றால் காசு கொடுத்து வெட்டி வாங்கலாம், நெத்தோலியை ஆய்ந்து தர மாட்டார்கள். என்ன மீன் என்று வீட்டில் முடிவு செய்துகொண்டு போகிறவர்களுக்கு இது சரிப்படாது. மரச்சீனிக் கிழங்கை அவித்து வைத்துவிட்டு, "சாளை மட்டும் வாங்கு, நெத்தோலி வேண்டாம், தலை கிள்ள ஆளில்லை" என்று மாமியார் சொல்லி அனுப்பும் நாளில்தான் கரை முழுக்க நெத்தோலியாகக் கிடக்கும்.