நகர்ப்புறச் சூழலியல் முதுகலை: சேர நினைப்பவர்களுக்கு

சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு மழைநீர் வடிகால் வடிவமைக்கும் வேலையில் இருந்தபோது இந்தப் படிப்பில் சேர்ந்தேன். இரண்டு வருட முதுகலை. உயிரியல், புவியியல், சமூகவியல், நகரத் திட்டமிடல், பொறியியல் ஆகிய துறைகள் சேர்ந்து நடத்துகின்றன. சேரலாமா என்று கேட்டால், தாராளமாகச் சேரலாம் என்பேன். ஒரே நிபந்தனை, அதில் கூட்டுக் களப்பணி இருக்க வேண்டும். எங்கள் படிப்பில் அதற்கு ஸ்டுடியோ என்று பெயர். அது இல்லாமல் ஒவ்வொரு துறையிலிருந்தும் இரண்டு பாடத்தை எடுத்து அடுக்கி வைத்திருந்தால், அவற்றை இணைக்கும் வேலை முழுக்க மாணவர் தலையில்தான் விழும்.

ஸ்டுடியோ என்பது ஒரு செமஸ்டர் முழுக்க நடக்கும். வேறுவேறு துறையிலிருந்து வந்த நான்கைந்து பேருக்கு நகரத்தில் ஒரு துண்டு நிலத்தைக் கொடுத்துவிடுவார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஓர் ஓடைக்கரைப் பூங்கா. மழை பெய்தால் அங்கிருந்து ஓடைக்கு எவ்வளவு தண்ணீர் போகும் என்று கணக்கிடுவது என் பங்கு. கணினி மாதிரியில் புல்வெளிக்கென்று வழக்கமாகப் போடும் எண் ஒன்று உண்டு. புல் என்றால் மழையில் பெரும்பகுதியை மண் குடித்துவிடும் என்பது அதன் பொருள்.

அந்த எண்ணைச் சோதிக்க, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்பு வளையங்களை மண்ணில் அடித்து இறக்கினோம். இரண்டிலும் தண்ணீர் ஊற்றி, உள்வளையத்தில் மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். உள்வளையத்துத் தண்ணீர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்குவதற்காகத்தான் வெளிவளையம். மர நிழலில் வைத்தபோது மட்டம் சரசரவென்று இறங்கியது. நடுவில் இருந்த பரந்த புல்வெளியில் தண்ணீர் அப்படியே நின்றது. பச்சையாகத் தெரிந்தாலும் அடியில் தார் போட்ட மாதிரி இறுகிக் கிடந்தது மண். மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க, உருளையால் மண் எடுத்து, அடுப்பில் 105 டிகிரியில் உலர்த்தி எடை போட்டபோதும் அதுவே உறுதியானது.

ஏன் அப்படி என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. சமூகவியல் தோழி பூங்காவின் பழைய தோட்டக்காரரிடம் போய் உட்கார்ந்து பேசினாள். பக்கத்தில் பாலம் கட்டியபோது லாரிகளும் ஜல்லியும் அந்த இடத்தில்தான் கிடந்தன, வேலை முடிந்ததும் மேலே கொஞ்சம் மண்ணைப் பரப்பிப் புல் பதித்துவிட்டார்கள் என்று அவர் சொன்னார். தாவரவியல் படித்த நண்பன் அதே இடத்தின் எல்லையை, மிதிபட்ட மண்ணில் வரும் செடிகளை வைத்தே கொடி நட்டுக் காட்டினான். அவர் கை காட்டிய இடமும் இவன் நட்ட கொடிகளும் ஏறக்குறைய பொருந்தின. நாங்கள் அளந்த எண்ணை மாதிரியில் போட்டதும் ஓடைக்குப் போகும் வெள்ளத்தின் உச்சம் தெளிவாக உயர்ந்தது. இந்த ஒரு பாடத்துக்காகவே இந்தப் படிப்பை மறுபடியும் படிப்பேன். வடிகால் வரைபடத்தில் பச்சை நிறத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று இப்போது கேட்கிறேன். அந்தக் கேள்வியை அலுவலகத்தில் யாரும் எனக்குக் கற்றுத்தந்ததில்லை.

வகுப்புகளில் வரலாற்றுப் பாடம் நன்றாக இருந்தது. 1961இல் பெர்லின் சுவர் எழுந்து, சுற்றுவட்டாரக் கிராமப்புறங்களுக்குப் போக முடியாமல் போன மேற்கு பெர்லினில், தாவரச் சூழலியலாளர் ஹெர்பெர்ட் சுக்கோப்பும் உடனிருந்தவர்களும் போர் இடிபாடுகளில் தானாக முளைத்த செடிகளை ஆராய்ந்து ஒரு துறையையே வளர்த்தெடுத்த கதை அதில் வருகிறது. 1997இல் அமெரிக்காவில் பால்டிமோர், ஃபீனிக்ஸ் நகரங்களை நீண்டகாலச் சூழலியல் ஆய்வுத் தளங்களாக்கியது அடுத்த கட்டம். ஃபீனிக்ஸில் ஒரு பகுதியின் தாவர வகைகள் அங்கு வாழும் குடும்பங்களின் வருமானத்தோடு சேர்ந்து கூடுகின்றன என்று 2003இல் வெளியான ஆய்வை வாசித்த வகுப்பில், உயிரியல்காரர்களும் சமூகவியல்காரர்களும் முதல் முறையாக ஒரே விஷயத்தைப் பற்றி வாதாடினார்கள். 1930களில் வீட்டுக்கடனுக்கு ஆபத்தானவை என்று சிவப்பு மை பூசப்பட்ட அமெரிக்கக் குடியிருப்புகள் இன்றும் அதிக வெப்பமாக இருக்கின்றன. 108 நகர்ப்பகுதிகளை ஒப்பிட்ட 2020ஆம் ஆண்டு ஆய்வில் சராசரி வித்தியாசம் சுமார் 2.6 டிகிரி செல்சியஸ். பழைய கடன் வரைபடத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் இது தெரிய வந்திருக்காது.

செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலத்தை ஆராயும் தொலையுணர்வுப் பாடம்தான் எனக்கு ஏமாற்றம். தயாராக வைத்திருந்த தரவைக் கொடுத்து அழகான வெப்ப வரைபடம் போடச் சொல்லிவிட்டார்கள். லேண்ட்சாட் செயற்கைக்கோள் அளப்பது தரை, கூரை ஆகியவற்றின் மேற்பரப்பு வெப்பத்தை. நாம் நடக்கும்போது உணரும் காற்றின் வெப்பம் வேறு. அந்தச் செயற்கைக்கோள் கடந்து போவதும் காலை பத்து மணி வாக்கில். நகரத்துக்கும் கிராமப்புறத்துக்கும் இடையே காற்றின் வெப்ப வித்தியாசம் பெரிதாவதோ இரவில். முதல் வகுப்பிலேயே சொல்ல வேண்டிய இந்த விஷயம் இரண்டாம் வருடத்தில்தான் வந்தது. புள்ளியியலிலும் இதே குறைதான். அடுத்தடுத்த தெருக்களில் எடுத்த அளவுகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும், அவற்றைத் தனித்தனிச் சான்றாக எண்ணக்கூடாது என்பதை ஆய்வேடு எழுதும் நேரத்தில் சொல்லி என்ன பயன்?

விலங்குகளைப் பற்றிய பாடம் விருப்பப் பாடமாக இருப்பதும் சரியில்லை. புவேர்ட்டோ ரிக்கோவில் நகரத்து அனோல் பல்லிகளுக்குக் காட்டுப் பல்லிகளைவிடக் கால்கள் நீளம், விரலடியில் ஒட்டும் மடிப்புகளும் அதிகம். நெதர்லாந்தின் லைடன் நகரில் இரைச்சலான இடங்களில் வாழும் பெரிய பட்டாணிக்குருவிகள் தாழ்ந்த சுருதிகளைத் தவிர்த்துப் பாடுகின்றன. சாலையையும் சுவரையும் வடிவமைக்கப் போகிறவர்களுக்கு இவை கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய குறை மதிப்பீட்டு முறை. சேர்ந்து வேலை செய்யச் சொல்கிறார்கள், மதிப்பெண் மட்டும் துறைவாரியாக வருகிறது. என் ஆய்வேட்டுக்கு இரண்டு வழிகாட்டிகள். உயிரியல் பேராசிரியருக்குக் கருதுகோளும் சோதனையும் வேண்டும். திட்டமிடல் பேராசிரியருக்கு வரைபடமும் பரிந்துரையும் வேண்டும். இருவரும் அன்பானவர்கள்தான், ஆனால் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசியதே இல்லை. கடைசியில் ஒரே ஆய்வை இரண்டு வடிவில் எழுதினேன். ஓடையில் பூச்சிகளை எண்ணுவதற்கு வைத்திருந்த வாரங்கள் அதில் போய்விட்டன. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

வேலை விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வேலை விளம்பரங்களில் இந்தப் பட்டத்தின் பெயரை அரிதாகத்தான் பார்ப்பீர்கள். உள்ளே நுழைய உதவுவது பெரும்பாலும் இளங்கலைப் பட்டம்தான். அதனால் ஏதாவது ஒரு துறையில் கால் ஊன்றிவிட்டு வருவது நல்லது. எங்கள் வகுப்பில் அதிகம் திணறியவர்கள், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்துவிட்டு வந்தவர்கள்.

விண்ணப்பிக்கும் முன் பழைய மாணவர்கள் யாரிடமாவது பேசுங்கள். ஸ்டுடியோவுக்கு எத்தனை கிரெடிட், அதற்கு மதிப்பெண் போடுவது யார், இரண்டு வழிகாட்டிகளும் சேர்ந்து கையெழுத்திடும் ஆய்வுத் திட்டம் உண்டா என்று கேளுங்கள். அப்புறம், முந்தைய வருட மாணவர்கள் எடுத்த அளவுகளைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் வருடா வருடம் அளந்து சேர்த்து வைத்திருக்கிற துறை என்றால், மற்ற குறைகள் இருந்தாலும் அதைத் தேர்ந்தெடுங்கள்.